வால் அறுந்த தலைப்பிரட்டைக்கு உப்புத் தண்ணீர் சரிவருமா?

மார்கழி முடிகிற சமயம். திருப்புல்லாணிக்கும் சேதுக்கரைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் ஊருணித் தண்ணீர் நாலு படி இறங்கியிருந்தது. அண்ணன் மகள் ஒரு சிரட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். உள்ளே ஒரே ஒரு தலைப்பிரட்டை. வாலில் பாதிக்கு மேல் இல்லை. அறுந்த இடம் கிழிந்த துணி ஓரம் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. அயிரைக் குஞ்சு என்று நினைத்துப் பையன்கள் துண்டை விரித்து அள்ளியிருக்கிறார்கள். மீனில்லை என்று தெரிந்ததும் கரையில் உதறிவிட்டுப் போய்விட்டார்கள்.

"சித்தப்பா, இதுக்கு உப்புத் தண்ணி வைக்கணுமாம். போன்ல ஒரு அக்கா சொல்லுச்சு" என்றாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, "உப்பு எதுக்கு? மஞ்சப்பொடியைத் தூவி விடு" என்றது.

போனில் அந்த அக்கா சொன்னது பொய்யில்லை. ஆனால் அது நியூட் குஞ்சுக்கான வைத்தியம். குளிர்நாட்டில், நல்ல தண்ணீர் குழாயைத் திறந்தால் கொட்டுகிற ஊரில் உருவான வைத்தியம். அதை அப்படியே தூக்கி ராமநாதபுரம் கடற்கரையில் வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நியூட் என்பது பல்லியின் உருவமும் தவளையின் ஈரத்தோலும் கொண்ட பிராணி. சாலமாண்டர் வகையைச் சேர்ந்தது. தென்னிந்தியாவில் எங்கேயும் கிடையாது. இந்தியாவில் கிழக்கு இமயமலை, வடகிழக்கு மலைகள் பக்கம்தான் உண்டு. டார்ஜிலிங்கை ஒட்டிய ஜோர்போக்ரி குளம் அதற்குப் பேர்போன இடம். அந்தப் பகுதி நியூட்டுக்கு 2015இல்தான் டைலோடோட்ரைட்டன் ஹிமாலயானஸ் என்று தனி இனப்பெயர் கிடைத்தது. சட்டப் பாதுகாப்பு உள்ள பிராணி என்பதால் பிடிக்கவோ விற்கவோ முடியாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வேறு பல வகைகள் உண்டு. அங்கே பலர் வீட்டுத் தொட்டியில் வளர்க்கிறார்கள், குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். அதனால்தான் காயம்பட்ட குஞ்சை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற அறிவும் அங்கேயிருந்தே நமக்கு வந்து சேர்கிறது.

நியூட் குஞ்சும் தலைப்பிரட்டையும் ஒன்றுக்கொன்று தூரத்து உறவு. இரண்டும் தண்ணீரில் பிறந்து, உருமாறிக் கரையேறுகிறவை. ஆனால் வாழ்க்கை வேறு. நியூட் குஞ்சின் கழுத்தில் இரண்டு பக்கமும் மும்மூன்று செவுள்கள் இறகு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலைப்பிரட்டைக்குப் பொரிந்த சில நாளிலேயே செவுள் தோலுக்குள் மூடிக்கொள்ளும். நியூட் குஞ்சுக்கு முன்னங்கால் முதலில் முளைக்கும், தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால். நியூட் குஞ்சு முட்டையை விட்டு வந்த சில நாளிலேயே வேட்டைதான். நீர்ப்பூச்சி, கொசுப்புழு என்று அசைவது எல்லாமே அதற்கு இரை. பசித்தால் பக்கத்தில் கிடக்கும் உடன்பிறப்பின் கால்விரலும் செவுள் நுனியும்கூட அசைகிற இரைதான். வளர்ப்போர் தொட்டிகளில் காணப்படும் காயங்களில் பெரும்பங்கு இப்படிக் கூடப்பிறந்ததுகள் கடித்தவை. அதனால்தான் அவர்களுடைய முதல் விதி, காயம்பட்டதைத் தனியாக எடு என்பது. இந்த விதி எல்லா ஊருக்கும் பொருந்தும்.

நம் ஊர்த் தலைப்பிரட்டைகளில் பெரும்பாலானவை பாசி சுரண்டித் தின்கிற சாதுக்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் மழைக்கு மஞ்சள் மஞ்சேலென்று நிறம் மாறிக் கத்துகிற பெரிய தவளை இருக்கிறதே, அதன் தலைப்பிரட்டை மற்ற தலைப்பிரட்டைகளையும் தன் இனத்தையும் சேர்த்தே விழுங்கும். அந்தமானுக்குள் இந்தத் தவளை வெளியிலிருந்து போய்ப் பரவியபோது அங்குள்ள தவளைகளுக்கு வந்த ஆபத்தில் இதற்கும் பங்கு உண்டு. ஒரே வாளியில் சின்னதும் பெரியதுமாக அள்ளி வந்தால், காலையில் பெரியது மட்டும் இன்னும் பெரியதாக இருக்கும்.

சரி, அறுந்தது திரும்ப முளைக்குமா? குழந்தையின் உண்மையான கேள்வி அதுதான்.

கடற்கரைக்காரர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. கொடுக்கு இழந்த நண்டு ஓடு கழற்றும்போது புதுக் கொடுக்கோடு வரும். கடலட்டையைத் தொந்தரவு செய்தால் குடலையே கக்கிவிட்டு, பிறகு சில வாரங்களில் புதுக் குடல் வளர்த்துக்கொள்ளும். ஆனால் முதுகெலும்புள்ள பிராணிகளில் இந்த வித்தையில் நியூட்டையும் சாலமாண்டரையும் மிஞ்ச ஆளில்லை. இத்தாலியரான லாசரோ ஸ்பலான்சானி 1768லேயே சாலமாண்டரின் காலையும் வாலையும் வெட்டிப் பார்த்து, எலும்பு மூட்டு உட்பட எல்லாம் திரும்ப வளர்வதைப் பதிவு செய்தார். பல்லிக்கு முளைப்பது குருத்தெலும்பு வைத்த ஒப்புக்கு ஒரு வால். நியூட்டுக்கு முளைப்பது அசல். ஜப்பான் நியூட்டின் கண்ணிலிருந்து விழிவில்லையை 16 ஆண்டுகளில் 18 முறை எடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. பதினெட்டாவது முறை முளைத்த வில்லையும் இளம் நியூட்டின் வில்லைக்குக் குறைவில்லாமல் இருந்தது. ஆய்வு முடியும்போது அந்த நியூட்டுகளுக்குக் குறைந்தது 30 வயது.

வெட்டுப்பட்டதும் என்ன நடக்கிறது என்று பார்த்தால், மருந்து தேவையா இல்லையா என்பதும் விளங்கும். சுற்றியுள்ள தோல் செல்கள் சில மணி நேரத்திலேயே நகர்ந்து வந்து காயத்தின் மேல் ஒரு மெல்லிய போர்வை போர்த்துகின்றன. நமக்கு வருவது மாதிரிப் பொருக்கும் தழும்பும் வருவதில்லை. அந்தப் போர்வைக்கு அடியில் எலும்பு, தசை, தோல் பக்கத்துச் செல்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு இளஞ்செல்களாக ஒரு மொட்டு போலக் குவிகின்றன. பிறகு அந்த மொட்டு விட்டுப்போன பாகத்தை மட்டும் கட்டி முடிக்கிறது. முழங்கையில் வெட்டினால் முழங்கைக்குக் கீழே உள்ளதுதான் வரும். இதில் நாம் உள்ளே புகுந்து செய்ய ஒன்றும் இல்லை. காயத்தின் மேல் எதையாவது தடவினால் அந்த மெல்லிய போர்வையைத்தான் கெடுப்போம்.

தலைப்பிரட்டைக்கு இந்த வரம் பாதி உண்டு. வால் முளைக்கும். பின்னங்கால் சின்ன மொட்டாக இருக்கும் வரை அதுவும் முளைக்கும். உருமாற்றம் நெருங்க நெருங்க அந்தத் திறமை மங்கி, தவளையானதும் கால் போனால் போனதுதான். ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் ஆப்பிரிக்க நகத்தவளையில் ஒரு விசித்திரம் உண்டு. பொரிந்த பிறகு ஒரு குறுகிய காலத்தில் மட்டும் வாலை வெட்டினால் வளராது. அதற்கு முன்னால் வெட்டினாலும் பின்னால் வெட்டினாலும் ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்துவிடும்.

இயற்கையிலும் தலைப்பிரட்டையின் வால் அடிவாங்குவதற்கென்றே வைத்தது போலத்தான். தண்ணீருக்கடியில் பதுங்கியிருக்கும் தும்பிப் புழு தாவிப் பிடிக்கும்போது வால் மாட்டினால் தலைப்பிரட்டை வாலைக் கொடுத்துவிட்டு உடம்பைக் காப்பாற்றிக்கொள்கிறது. வட அமெரிக்க மரத்தவளை ஒன்றின் தலைப்பிரட்டைகள், தும்பிப் புழு உள்ள குளத்தில் வளர்ந்தால் வாலை அகலமாகவும் நிறமாகவும் வளர்த்து, கடியை அந்தப் பக்கம் இழுக்கின்றன. எங்கள் ஊருணியிலும் டிசம்பரில் ஒரு கை அள்ளினால் நுனி மழுங்கிய வால் இரண்டாவது இருக்கும்.

இந்த இடத்தில் ஒடிசாக்காரர்களின் கண்டுபிடிப்பு ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. புவனேஸ்வரில் பிரியம்பதா மொஹந்தி ஹெஜ்மாடியும் கூட இருந்தவர்களும், மழைக்கு மட்டும் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வரும் பலூன் தவளையின் தலைப்பிரட்டைகளில் வாலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த நீரில் சில காலம் வைத்தார்கள். வால் முளைக்க வேண்டிய இடத்தில் கால்கள் முளைத்தன. 1992இல் நேச்சர் இதழில் வந்து உலகம் முழுக்க உயிரியல்காரர்களைத் தூக்கிவாரிப் போட்ட செய்தி அது. அந்த அம்மையார் ஒடிசி நடனத்திலும் பெயர்பெற்றவர் என்பது கூடுதல் தகவல். நமக்கு இதில் உள்ள பாடம் சின்னது. மீன் கடையில் விற்கும் வைட்டமின் சொட்டு மருந்தைப் பாவம் பார்த்துத் தலைப்பிரட்டை நீரில் ஊற்ற வேண்டாம். வளர்கிற காயத்துக்கு எது வைட்டமின், எது தப்பான உத்தரவு என்று நமக்குத் தெரியாது.

ஆகக் காயத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும். அப்படியானால் வீட்டுக்குக் கொண்டுவந்த காயம்பட்ட தலைப்பிரட்டைகள் ஏன் இரண்டாம் நாளே செத்து மிதக்கின்றன? நானே ஒருமுறை இதைச் செய்திருக்கிறேன். ஊருணி வற்றிக் குட்டையாகிப் போன ஒரு வருடம், நூறு தலைப்பிரட்டைக்கு மேல் வாளியில் அள்ளி வந்து, வீட்டில் புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பி விட்டேன். காலையில் பாதிக்கு மேல் மல்லாந்து கிடந்தன. அவற்றில் காயம் என்று ஒன்றுமே இல்லை. கொன்றது தண்ணீர். அதாவது நான்.

அந்த ஒரு தொட்டியில் எத்தனை தப்பு என்று பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். முதலில் குளோரின். எங்கள் பக்கம் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வருகிறது. கிருமி வராமல் இருக்கக் குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. நம் வயிற்றுக்கு நல்லது, செவுளுக்கு நெருப்பு. அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும்.

இரண்டாவது, அம்மோனியா. தவளை சிறுநீராக யூரியாவை வெளியேற்றுகிறது. தலைப்பிரட்டை மீனைப் போல அம்மோனியாவையே வெளியேற்றுகிறது. கண்மாயில் இது ஒரு பொருட்டே இல்லை, அவ்வளவு தண்ணீர். வாளியில் அதுவே விஷம். அந்த அம்மோனியா முழுவதும் விஷமில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். நீரின் காரத்தன்மையைப் பொறுத்து அதில் ஒரு பங்கு மட்டும் கொல்லும் வடிவத்தில் இருக்கும். அந்தக் காரத்தன்மையைக் காட்டும் எண்தான் பி.எச். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் அந்தப் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. பி.எச். 8இல் நூற்றுக்கு 5. பி.எச். 9இல் நூற்றுக்கு 36. புது சிமெண்ட் தொட்டி சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டே இருக்கும், பி.எச். சர்ரென்று ஏறும். நான் வேறு அதில் நூறு உயிரை அடைத்து, பாவமே என்று ஒரு கைப்பிடி சோறும் போட்டிருந்தேன். தண்ணீர் சூடாகச் சூடாக அந்தப் பங்கும் கூடும்.

மூன்றாவது, காற்று. 20 டிகிரி நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். குளிர்நாட்டு நியூட் தொட்டிக்கும் நம் முற்றத்து வாளிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒன்றரை மில்லிகிராமில் ஆரம்பிக்கிறது. வெப்பம் கூடும்போது உயிரின் மூச்சுத் தேவையும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி உப்பு. அந்த அக்கா சொன்னதற்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. தவளை, நியூட் இவற்றின் உடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 6 கிராம் உப்பு உண்டு. நம் உடம்புக்கு ஏற்றுகிற சலைனில் 9 கிராம். வெளியே இருப்பதோ உப்பில்லாத நன்னீர். ஆகவே எந்நேரமும் தண்ணீர் தோல்வழியே உள்ளே வரப் பார்க்கும், உப்பு வெளியே போகப் பார்க்கும். முழுத்தோல் இருக்கும்வரை அது அணை போட்டுச் சமாளிக்கிறது. தோல் கிழிந்தால் அணை உடைந்த மாதிரி. இந்த நேரத்தில் வெளிநீரிலும் கொஞ்சம் உப்பிருந்தால் இழப்பு குறையும், நீர்ப்பூசணமும் மட்டுப்படும். ஜெர்மனியின் ஜோஹன்னஸ் ஹோல்ட்ஃப்ரெட்டர் 1930களின் தொடக்கத்தில் நியூட், சாலமாண்டர் கருக்களை அறுத்து ஆராயும்போது, அவை பிழைத்திருப்பதற்காக ஒரு கலவை நீர் உண்டாக்கினார். லிட்டருக்கு மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, அதோடு மிகச் சிறிய அளவில் கால்சியம், பொட்டாசியம், சோடா உப்பு. இன்றும் ஆய்வகங்களிலும் நியூட், ஆக்ஸலாட்டல் (மெக்சிகோ சாலமாண்டர்) வளர்ப்போரிடமும் புழங்குகிற உப்பு வைத்தியத்துக்கு இது ஒரு மூலம்.

இதை நம் ஊரில் செய்தால்? எங்கள் பக்கம் கிணற்றைத் தோண்டினால் கரிக்கும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத ஊரில் 2000 வரை போகலாம் என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. கடலோரத்தில் பல போர்த் தண்ணீர் அதையும் தாண்டும். கடல்நீரோ லிட்டருக்கு 35 கிராம். அந்தப் போர்த் தண்ணீரில் மூன்று கிராம் உப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போனில் பார்த்து ஒரு டீஸ்பூன் உப்பைப் போட்டால் இன்னும் ஐந்து கிராம். மொத்தம் எட்டு. தலைப்பிரட்டையின் உடம்பைவிட வெளியே உப்பு கூடிவிட்டது. இப்போது கணக்கு தலைகீழ். உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போகும். கருவாடு போடுகிற வேலையைத்தான் நாம் மெதுவாகச் செய்துகொண்டிருப்போம். போதாக்குறைக்கு, வெயிலில் பாத்திரத்து நீர் பாதியாக வற்றினால் உப்பு இரட்டிப்பாகும், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்.

தென்கிழக்கு ஆசிய அலையாத்திக் காடுகளில் நண்டு தின்னும் தவளை ஒன்று இருக்கிறது. அதன் தலைப்பிரட்டை கடல்நீர் அளவு உப்பையும் தாங்கும். நம் ஊருணிப் பிள்ளைகளுக்கு அந்தப் பரம்பரை இல்லை.

ஆகவே உப்பு வைப்பதா வேண்டாமா என்பதற்கு என் பதில், முதலில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள் என்பதுதான். லேசாகக் கரித்தாலே அது வைத்தியத்துக்கு ஆகாது, இருப்புக்கும் ஆகாது. எது நல்ல தண்ணீர் என்று இந்தக் கரையில் யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. தங்கச்சிமடம் பக்கம் கடலுக்குள்ளேயே வில்லூண்டித் தீர்த்தத்தில் இனிப்புத் தண்ணீர் இறைத்துக் குடிக்கிற சனம் நாம். மாடியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதையும், எடுத்த ஊருணியின் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் போதும். மழைத்தண்ணீர் மட்டும் என்றால் கால்சியமே இல்லாத வெறும் நீர், அதுவும் சரியில்லை. காயத்தில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூசணம் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும், உப்பில்லாத நல்ல தண்ணீரில் லிட்டருக்கு மூன்று கிராம் போல, அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்று மேலே கல்லுப்பைக் கரைத்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திருப்பி எடுக்கலாம். அதிலேயே ஊறப்போட்டு மறந்துவிடக் கூடாது.

மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அப்பத்தாவின் மஞ்சள்பொடி நம் முழங்காலுக்குச் சரி. தண்ணீரில் கரையாமல் துகளாக மிதந்து செவுளில் போய் அடைக்கும். மீன் மருந்துகளில் பலவற்றில் தாமிரம் இருக்கிறது. தலைப்பிரட்டைகளும் நியூட் குஞ்சுகளும் தாமிரத்துக்கு மிகவும் பலவீனம். மருந்து மட்டுமில்லை, பூஜையறைச் செம்புப் பாத்திரத்தில் விட்டு வைப்பதும் அதே தப்பு. கையால் பிடிக்கவே வேண்டாம், சிரட்டையாலோ குழிக்கரண்டியாலோ தண்ணீரோடு சேர்த்து அள்ளுவதுதான் முறை. மீன் அரிந்த கை, சோப்புப் போட்ட கை, கொசுக் களிம்பு பூசிய கை, எல்லாமே அந்தத் தோலுக்குள் இறங்கும்.

எந்தக் காயம் பிழைக்கும், எது பிழைக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. வாலின் தட்டையான பகுதி எவ்வளவு போனாலும், அடித்தண்டு கொஞ்சம் இருந்தால் நம்பிக்கை உண்டு. வயிற்றுத் தோல் கிழிந்து சுருட்டி வைத்த குடல் வெளியே வந்திருந்தால் முடியாது. நியூட் குஞ்சுக்கு ஒரு பக்கச் செவுள் போனாலும் மறுபக்கத்தை வைத்துக்கொண்டு சமாளித்து, மீண்டும் வளர்த்துக்கொள்ளும். அதற்குக் குளிர்ந்த, அசைவில்லாத, ஆழமில்லாத நீர் வேண்டும், அவ்வளவுதான். அடிபட்ட பிறகு ஒருக்களித்து மிதந்துகொண்டே இருக்கிற குஞ்சு, நியூட்டோ தலைப்பிரட்டையோ, பெரும்பாலும் உள்ளே வேறு எதுவோ கெட்டுப்போனதைச் சொல்கிறது.

எங்கள் சிரட்டை விருந்தாளிக்கு ஒரு மண் தொட்டி கிடைத்தது. வாய் அகன்றது, நாலு லிட்டர் பிடிக்கும், பழசு. மண்பாத்திரம் தண்ணீரைக் குளிர வைக்கும் என்பது உண்மைதான், ஆனால் உள்நாட்டில் குளிர்வது மாதிரி இங்கே குளிராது. கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். அதனால் மேலே ஒரு பனையோலையை வைத்து, வேப்பமரத்தடியில் நிழலாக வைத்தோம். தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினாள் குழந்தை. சாப்பாட்டுக்கு ஊருணிப் படியிலிருந்து பாசி படிந்த ஒரு கல், அவ்வளவே. கீரை வேகவைத்துப் போடலாம் என்பார்கள், போடலாம், துளியாக. பாலக் மாதிரி ஆக்ஸாலிக் அமிலம் மிகுந்த கீரையையே தினமும் கொடுத்தால் தலைப்பிரட்டைக்கும் சிறுநீரகத்தில் கல் வரும். பக்கத்து வீட்டுப் பையன் பிஸ்கட்டை நொறுக்கிப் போட வந்தபோது அவள் போட்ட சத்தத்தில் அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

இரண்டு வேறு தலைப்பிரட்டைகளைத் துணைக்கு விடலாமே என்று அவள் கேட்டாள். கறுப்பாகக் கூட்டம் கூட்டமாகத் திரியும் தேரையின் தலைப்பிரட்டைகளில் ஒன்றுக்குக் காயம்பட்டால் அதன் தோலிலிருந்து ஒரு வேதிப்பொருள் கசியும். மற்றவை அதை மோந்ததும் பயந்து ஒதுங்கும், தீனி எடுப்பதைக் குறைக்கும். காயம்பட்டதைத் தனியாக வைப்பது அதற்கும் நல்லது, மற்றதுக்கும் நல்லது.

போனில் பார்த்த அந்த இளஞ்சிவப்பு ஆக்ஸலாட்டல் வேண்டும் என்றும் கேட்டாள். மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ கால்வாய்களின் பிராணி அது. வயது வந்த பிறகும் செவுளோடு குஞ்சாகவே இருந்துவிடும். பெருநகர மீன் கடைகளில் இப்போது இங்கேயும் விற்கிறார்கள். அதற்குப் பிடித்த நீர் 16 முதல் 18 டிகிரி, 24ஐத் தாண்டினால் தவிக்கும். ராமேசுவரத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற அளவுக்கு நாமும் தினம் ஐஸ் போட்டால்தான் ஓடும். மின்சாரம் போன ஒரு மதியம் போதும், அவ்வளவு காலம் பார்த்ததும் வீண். எனக்கு அந்த ஆசை நியாயமாகப் படவில்லை, சொல்லிவிட்டேன்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. ஐரோப்பாவில் சாலமாண்டர்களைக் கூண்டோடு அழித்த தோல் பூசணம் ஒன்று 2013இல் அடையாளம் காணப்பட்டது. ஆசிய நியூட்டுகளின் வியாபாரத்தோடு அது அங்கே போய்ச் சேர்ந்தது என்று கருதுகிறார்கள். தவளைகளைத் தாக்கும் அதன் அண்ணன் பூசணம் அதற்கும் முன்பே உலகம் சுற்றிவிட்டது. நம் கடற்கரை வெப்பம் இரண்டுக்கும் ஒத்துவராது என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் கடைத் தொட்டித் தண்ணீரை ஊருணியில் கொட்டுவதும், ஓர் ஊருணியின் தலைப்பிரட்டையை வேறொரு கண்மாயில் விடுவதும் செய்யவே கூடாத காரியங்கள். எடுத்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும்.

நாலாம் நாள் அறுந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு விளிம்பு தெரிந்தது. வெயிலுக்கு நேரே சிரட்டையைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய நரம்பு ஓடுவதும் தெரிந்தது. பத்தாம் நாள் வால், பழைய நீளம் இல்லாவிட்டாலும், வாலாகவே இருந்தது. பொங்கல் கழிந்து சில நாளில் பின்னங்கால்கள் இரண்டும் நன்றாக நீண்டுவிட்டன. இனி முன்னங்கால் வெளியே வந்தால் கரை வேண்டும், நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கிய பிறகு ஏற இடமில்லாத தொட்டியில் மூழ்கிச் செத்துப்போகும் என்று சொல்லி, அன்று சாயங்காலமே ஊருணிக்குப் போனோம். தொட்டித் தண்ணீரில் ஊருணித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தபடி அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் அவளுக்கு, இந்த வால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றியது. தவளையாகும்போது வாலை உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும், அந்த நாட்களில் வாய் புதிதாக மாறிக்கொண்டிருப்பதால் சாப்பிடாது, வால்தான் அதற்குச் சாப்பாடு மாதிரி என்றேன்.

"அப்ப இம்புட்டு நாளா முளைச்சது?"

"ரெண்டு வாரத்துல காணாப் போயிரும்."

அவள் சிரட்டையைத் தண்ணீருக்குள் சாய்க்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு சாய்த்தாள். அது புது வாலை ஆட்டிக்கொண்டு பாசிக்குள் போனது.